நான் தப்பாகப் போட்ட கட் ஆஃப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம். மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு டைப்ரைட்டர், இரண்டு மடக்கு நாற்காலி, வாய் நிறையப் பேச்சு, இவ்வளவுதான் கடை.

வருடத்தில் பத்து மாதம் ஈ ஓட்டுகிற கடை அது. ஆனால் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், சந்தே அடைத்துக்கொள்ளும். வண்டலூர், பொத்தேரி வரைக்கும் இருந்து அப்பாக்களும் பிள்ளைகளும் பிளாஸ்டிக் பையில் சர்டிபிகேட்டுகளோடு வந்து நிற்பார்கள். பாதிப் பேர் ஜெராக்ஸுக்கு வருவார்கள், மீதிப் பேர் எனக்காக வருவார்கள். வாசலில் ஒரு கரும்பலகை தொங்கவிட்டிருந்தேன்: ‘கட் ஆஃப் உடனுக்குடன் கணக்கிட்டுத் தரப்படும். இலவசம்.’ அந்த வட்டாரத்தில் எனக்குப் பெயரே ‘கட் ஆஃப் சார்’தான்.

அந்தக் காலத்து கட் ஆஃப் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. ப்ளஸ் டூ மார்க்கையும் நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்து முந்நூறுக்கு ஓர் எண் வரும். அதில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பொறியியல் என்றால் கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. மிச்சம் நூறு நுழைவுத் தேர்வுக்கு. அதிலும் பாதி கணக்குதான். தமிழிலும் ஆங்கிலத்திலும் வாங்கியது எவ்வளவாக இருந்தாலும் ஒரு புள்ளிகூடச் சேராது. மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகள் என்றால் கணக்கு எழுந்துகொள்ளும், அந்த இடத்தில் உயிரியல் உட்காரும்.

இதனால் மொத்த மார்க்கில் ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பையன் என் கடை வாசலில் அழுததையும், அவனைவிட ஐம்பது மார்க் குறைவாக வாங்கியவன் விசிலடித்துக்கொண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். கால்குலேட்டரைத் தொட மாட்டேன். மார்க் ஷீட்டை வாங்குவேன், கண்ணால் ஓட்டுவேன், பில் கட்டில் ஒரு தாளைக் கிழித்து எண்ணை எழுதி நீட்டுவேன். கூடவே தீர்ப்பும் உண்டு. “கிடைக்கும்”, “இழுபறி”, “கிடைக்காது”. மூன்றில் ஒன்று.

ஒரு உண்மையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நானும் பொறியியலுக்கு அலைந்தவன்தான். கணக்கில் வெளுத்து வாங்கினேன், வேதியியல் காலை வாரிவிட்டது. நூலிழையில் போயிற்று. அப்புறம் அஞ்சல் வழியில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, இந்தக் கடையில் வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொருவரிடமும் “கிடைக்காது” என்று சொல்லும்போது நெஞ்சுக்குள் ஒரு ஓரத்தில் சின்னதாக ஒரு நிம்மதி எட்டிப் பார்க்கும். எனக்குக் கிடைக்காதது இவனுக்கும் கிடைக்கவில்லை என்கிற நிம்மதி. கேவலம்தான். ஆனால் இருந்தது.

அன்று பகல் பதினொரு மணி இருக்கும். கடை வாசலில் இருபது பேருக்குக் குறையாமல் கூட்டம். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓர் அம்மா உள்ளே வந்தார். இடுப்பில் மீன் கூடை. பின்னாலேயே யூனிஃபார்ம் தாவணியில் அவர் மகள்.

“கூடையை வெளிய வைம்மா, பேப்பர்ல நாத்தம் ஏறிடும்” என்றேன்.

“கோச்சிக்காத சார். மேடவாக்கம் கூட்ரோட்டுல வித்துட்டு அப்டியே பஸ் ஏறி வந்துகினு கீறோம்” என்று சொல்லிவிட்டு, கூடையை வெளியே வைத்துவிட்டு வந்தார். கடற்கரைக் குப்பத்துக்காரர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. பெண் பையிலிருந்து ப்ளஸ் டூ மார்க் ஷீட், நுழைவுத் தேர்வு மார்க், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் மூன்று காப்பி வேண்டும் என்றாள். கையில் மட்டும் ஒரு நீளமான காக்கிக் கவரைத் தராமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் சூடாக இரண்டு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் அம்மா கேட்டார்: “எம் பொண்ணுக்கு எடம் கெடைக்குமா, போட்டுச் சொல்லேன் சார். நீ சொன்னா கரீட்டா இருக்கும்னு கூட்ரோட்டுல சொன்னாங்கோ.”

மேடவாக்கம் வரைக்கும் என் புகழ் போயிருக்கிறது! மார்க் ஷீட்டை எடுத்தேன். முதல் குரூப், கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. என் கண் வழக்கம்போல நேராகக் கணக்குக்குப் போயிற்று. இருநூறுக்கு நூற்று நாற்பத்தொன்று. தீர்ப்பை அங்கேயே முடிவு செய்துவிட்டேன். நுழைவுத் தேர்விலும் கணக்கில் ஐம்பதுக்கு இருபத்து நாலுதான். இயற்பியலையும் வேதியியலையும் சேர்த்து மடமடவென்று கூட்டினேன். முந்நூறுக்கு இருநூற்று முப்பதரை. சீட்டில் எழுதி ஒரு கோடும் போட்டேன். அப்புறம் மார்க் ஷீட்டை மெஷின் கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து மூடியை மூடினேன்.

“கிடைக்காதும்மா. கணக்குல ரொம்பக் கம்மி. அலையாதீங்க, ஏதாவது பி.எஸ்ஸி.ல சேத்து விட்ருங்க.”

அந்தப் பெண் அப்போதுதான் குறுக்கிட்டாள். “சார், எனக்கு பயாலஜியில...”

“பயாலஜியெல்லாம் சேக்க மாட்டாங்கம்மா” என்றேன். அடுத்த ஆளின் பேப்பருக்குக் கை நீட்டிக்கொண்டே சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மா சிறிது நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று நினைக்கிறேன். எண் புரிந்ததோ இல்லையோ, நான் அடியில் போட்ட கோடு புரிந்திருக்கும். “அப்போ காப்பியெல்லாம் வோணாம் சார், உட்டுடு” என்றார். மேஜையில் இருந்த பேப்பரையெல்லாம் வாரிப் பையில் திணித்தார். பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பெண் என் சீட்டை மட்டும் மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அதே நேரம் கரண்ட் போயிற்று. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது.

கரண்ட் வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி. மெஷின் மூடியைத் திறந்தேன். கண்ணாடியின் மேல் அந்தப் பெண்ணின் மார்க் ஷீட், ஒரிஜினல், கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு இது புதிதில்லை. வாரத்துக்கு ஒருத்தர் ஒரிஜினலை மெஷினுக்குள் விட்டுவிட்டுப் போவார், மறுநாள் மூச்சு வாங்க ஓடி வருவார். நானும் அதை மேஜை டிராயரில் போடத்தான் எடுத்தேன். கடையில் ஆள் இல்லாததால் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். இயற்பியல் நூற்று எண்பத்தெட்டு. வேதியியல் நூற்றுத் தொண்ணூற்று இரண்டு. உயிரியல் நூற்றுத் தொண்ணூற்று ஆறு.

அவள் கையில் பிடித்திருந்த காக்கிக் கவர் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதன் மூலையில் ‘கால்நடை மருத்துவம்’ என்று அச்சடித்திருந்தது. காலையிலும் அது கண்ணில் பட்டதுதான், மண்டையில் ஏறவில்லை. அந்தப் பெண் பொறியியலுக்குப் போகப் போகிறாள் என்று யார் எனக்குச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுபடி போட்டேன். உயிரியல் தொண்ணூற்றெட்டு, இயற்பியல் நாற்பத்தேழு, வேதியியல் நாற்பத்தெட்டு. நுழைவுத் தேர்வு மார்க்கும் காலையில் பார்த்தது நினைவிருந்தது. உயிரியலில் நாற்பத்து நாலு, இயற்பியல் வேதியியல் தாளில் நாற்பத்தொன்று. மொத்தம் இருநூற்று எழுபத்தெட்டு. நம்பாமல் கால்குலேட்டரை எடுத்து அதிலும் தட்டிப் பார்த்தேன். அதே இருநூற்று எழுபத்தெட்டு. போன வருடத்து நிலவரத்துக்குத் தாராளமாகப் போதும்.

வருகிறவர்களுக்கு உதவும் என்று செய்தித்தாளில் வரும் கல்லூரி அறிவிப்புகளையெல்லாம் வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டி வைப்பது என் வழக்கம். கால்நடை மருத்துவத்துக்கானது மெஷினுக்கு நேர் மேலேயே இருந்தது. விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாள் மறுநாள். மாலை நாலு மணிக்குள், நேரில்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். “நீ சொன்னா கரீட்டா இருக்கும்” என்று நம்பி வந்த அம்மாவிடம், “அலையாதீங்க” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டு போய்விட்டார். இனி அந்தக் கவர் பரண் மேல் போய்விடும். ஒரு வருடம் போகும், அப்புறம் கல்யாணம் என்பார்கள். அதோடு சரி. எல்லாம் நான் இரண்டு நிமிடத்தில் போட்ட ஒரு கூட்டலால். ஒரிஜினல் வேறு என்னிடம் இருக்கிறது.

மார்க் ஷீட்டில் பெயரும் பள்ளிக்கூடமும்தான் இருந்தன, முகவரி இல்லை. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும் நேரம். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், மேடவாக்கம் கூட்ரோடு. காலையில் முதல் வேலையாக அந்த அம்மாவைக் கண்டுபிடிப்பது, நாலு மணிக்குள் விண்ணப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவு செய்தேன். அந்தக் குப்பம் எங்கே இருந்தாலும் சரி, நடந்தாவது போய்விடுவது என்று வைராக்கியமாக இருந்தேன்.

காலை ஏழு மணிக்கு மேடவாக்கம் பஸ் ஏறினேன். சீசன் நாளில் கடை பூட்டியிருந்தது அன்றுதான் முதல் தடவை. இன்று அடுக்குமாடியும் தண்ணீர் லாரியுமாக இருக்கிற மேடவாக்கத்தில், அன்று கூட்ரோட்டில் இறங்கினால் நாலு டீக்கடையும் ஒரு சைக்கிள் கடையும்தான். டீக்கடை ஓரத்தில் மூன்று அம்மாக்கள் கூடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் தேடி வந்தவர் அவர்களில் இல்லை.

மூவரில் மூத்தவரிடம் போய், ப்ளஸ் டூ முடித்த பெண்ணோடு நேற்று தாம்பரம் வந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன். அவர் சங்கரா மீனை வெட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வயசுப் பொண்ணப் பத்தி நீ இன்னாத்துக்கு விசாரிக்கிற? யாரு நீ?”

கூச்சமாக இருந்தது. மார்க் ஷீட்டைக் கொடுக்க வேண்டும் என்று மழுப்பினேன். விடவில்லை. அவளுடைய மார்க் ஷீட் உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டார். மீன் வாங்க நின்றவர்கள், டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லை. நான்தான் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், ஒரு பாடத்துக்குப் பதில் வேறு பாடத்தைப் போட்டுக் கூட்டி, கிடைக்காது என்று தப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று, அத்தனை பேர் முன்னாலும் முழுசாகச் சொன்னேன்.

“அட, நீதானா அந்தக் கட் ஆஃப்பு?” என்றார் அவர். மீன் அரிவாள்மனையில் பாதி வெட்டில் அப்படியே நின்றது. “நேத்து ராவுல வூட்டுக்கு வந்து பேப்பரத் தேடினா காணல. பஸ்ஸுல எங்கியோ உட்டுட்டோம்னு அம்மாவும் மவளும் ஒரே அழுவ. காலீல எங்கூடத்தான் மொத பஸ்ஸுல வந்துச்சிங்கோ. நேராத் தாம்பரம் பூட்ச்சிங்கோ. போ, போ, நின்னுகினு கீற!”

நான் தாம்பரத்திலிருந்து இங்கே வந்திருக்கிறேன், அவர்கள் இங்கிருந்து தாம்பரம் போயிருக்கிறார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பஸ்களும் ஏதாவது ஓரிடத்தில் ஒன்றையொன்று கடந்திருக்கும். ஓடிப்போய்த் திரும்பும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். சேலையூர் தாண்டும் வரை உட்கார இடமில்லை. சட்டைக்குள் மார்க் ஷீட்டை நெஞ்சோடு வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். வேர்வை படாமலிருக்க இரண்டு செய்தித்தாளை மடித்து நடுவில் வைத்திருந்தேன்.

தாம்பரம் பஸ் டிப்போவில் அவர்களைக் கண்டுபிடித்தபோது மணி பத்தரை. அம்மா படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பெண் டைம் கீப்பர் அறை ஜன்னலில் நின்றுகொண்டு, முந்தைய நாள் எத்தனை மணி பஸ், எந்தப் பக்கத்து சீட் என்றெல்லாம் நிதானமாக விவரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுத முகம்தான், ஆனால் குரலில் நடுக்கம் இல்லை.

மார்க் ஷீட்டை நீட்டினேன். அம்மா வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த நிமிடமே, “காலீல ஒன் கடைக்குத்தான் சார் மொதல்ல வந்தோம், எட்டு மணிக்கு. பூட்டிக்கினு எங்க பூட்ட?” என்று சண்டைக்கு வந்தார்.

பஸ்ஸில் வரும்போது மனதுக்குள் நான் ஒத்திகை பார்த்து வைத்த மன்னிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது. “நேத்து நான் போட்டது தப்புக்கா” என்று மட்டும் வந்தது.

“தெரியும் சார்” என்றாள் அந்தப் பெண்.

பையிலிருந்து நான் கொடுத்த சீட்டை எடுத்தாள். அதைத் திருப்பினாள். பின்பக்கத்தில், பஸ் குலுக்கலில் எழுதிய கோணல் எழுத்தில், தொண்ணூற்றெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்து நாலு, நாற்பத்தொன்று என்று வரிசையாக எழுதி அடியில் இருநூற்று எழுபத்தெட்டு என்று போட்டிருந்தாள். நான் என் எண்ணுக்கு அடியில் ஒரு கோடு போட்டிருந்தேன். அவள் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

“நீங்க இன்ஜினியரிங்குக்குப் போட்டீங்க சார். விண்ணப்பத்தோட குடுத்த புக்லயே எப்படிக் கூட்டணும்னு இருக்கு. திரும்பிப் போறப்பவே பஸ்ல போட்டுப் பாத்துட்டேன்.”

“நான்தான் சார் ஒன்ன நம்பினேன்” என்றார் அம்மா. “இது நம்பல. ராத்திரி பூரா எங்கிட்ட ஒரே பேஜாரு. அவுரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு, நான் போயித்தான் தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்குது.”

நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றப் புறப்பட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேடவாக்கம் வரை போய் வந்திருக்கிறேன். அவளோ என் தீர்ப்பை நான் எழுதிய தாளின் முதுகிலேயே திருத்தி எழுதிவிட்டாள். என்னால் அவளுக்கு ஆகவேண்டியது மார்க் ஷீட் ஒன்றுதான். அதையும் என் பேச்சினால்தான் விட்டுவிட்டுப் போக நேர்ந்தது.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நகல் எடுக்க வேண்டும், அதில் அரசு அதிகாரி ஒருவரிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்க வேண்டும், நாலு மணிக்குள் பட்டணத்துக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று பேரும் என் கடைக்கு ஓடினோம். பூட்டைத் திறந்தால் கரண்ட் இல்லை.

கிழக்குத் தாம்பரத்தில், லைனுக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அந்தக் கடைக்காரரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை. ‘அந்தாள் காப்பி எடுத்தா மை கையில ஒட்டும்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அன்று மேம்பாலப் படி ஏறி இறங்கி, அவர் முன்னாலேயே போய் நின்றேன். அவருக்கும் என்னைத் தெரியும். என்னையும் கையிலிருந்த பேப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேரை நிறுத்திவிட்டு எங்களுக்கு எடுத்துக் கொடுத்தார். காப்பி பளிச்சென்று இருந்தது. கையில் மை ஒட்டவில்லை.

கையெழுத்துக்கு யாரிடம் போவது என்று நான் யோசித்தேன். தாசில்தார் ஆபீஸ் தூரம், என் பழைய ஹெட்மாஸ்டர் ஊரில் இல்லை. அந்தப் பெண்தான் சொன்னாள்: “சார், மாட்டாஸ்பத்திரி டாக்டரும் போடலாம் இல்ல? அவரும் அரசு அதிகாரிதானே?”

எனக்குத் தோன்றவே இல்லை. பக்கத்தில் இருந்த கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். டாக்டர் ஓர் ஆட்டின் காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் ஒருபக்கம் பிடிக்க, ஆடு இன்னொரு பக்கம் திமிறியது. காக்கிக் கவரைப் பார்த்ததுமே டாக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “கையெழுத்துப் போடறேன், அதுக்குள்ள நீ வந்து இவன் தலையப் புடி” என்றார் அந்தப் பெண்ணிடம். அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தாள். கொம்பைப் பிடிக்காமல் தாடைக்கு அடியில் கை கொடுத்து, காதோரம் தடவிக்கொண்டே நின்றாள். ஆடு அடங்கிவிட்டது. டாக்டர் கை கழுவித் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகலையும் ஒரிஜினலோடு ஒத்துப் பார்த்துப் பச்சைக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு மின்சார ரயில். நானும் கூட வருகிறேன் என்றேன்.

“வோணாம் சாமி” என்றார் அம்மா, ஆனால் இந்தத் தடவை சிரித்துக்கொண்டே. “அங்க வந்து நீ இன்னொரு வாட்டி எதுனா சொல்லிடப் போற.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கவரை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரயில் நகரும்போது என்னைப் பார்த்து ஒருமுறை தலையை மட்டும் அசைத்தாள். ரயில் போன பிறகும் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணை நினைத்தா, எனக்கு அந்தப் பிடிவாதம் இல்லாமல் போனதை நினைத்தா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

அன்று கடையைத் திறந்ததும் முதல் வேலையாகக் கரும்பலகையை அழித்தேன். பத்து நாளைக்கு யார் கேட்டும் கட் ஆஃப் போடவில்லை. கேட்டவர்களிடம் விண்ணப்பத்தோடு வந்த புத்தகத்தைத் திறந்து காட்டி, நீங்களே கூட்டுங்கள், நான் சரிபார்க்கிறேன் என்றேன். கூட்டம் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியும் கிழக்குத் தாம்பரத்துக்குத்தான் போயிருக்கும். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அவர்கள் இருவரும் கடைக்கு வந்தார்கள். அம்மா கூடையை வாசலிலேயே இறக்கி வைக்கப் போனார். நான் ஓடிப்போய் அதை உள்ளே வாங்கி வைத்தேன். அந்தப் பெண் ஒரே ஒரு தாளை நீட்டி, ஐந்து காப்பி வேண்டும் என்றாள். கால்நடை மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்ததற்கான கடிதம். மெஷினில் வைத்து எடுத்தேன். ஐந்து கேட்டதற்கு ஆறாக எடுத்து ஒன்றை நானே வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். ஒரிஜினலை மறக்காமல் எடுத்து முதலில் அவள் கையில் கொடுத்தேன்.

மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததை அப்போது கேட்டேன். “ஊரே நான் சொல்றதை நம்புது. அம்மாவும் நம்பினாங்க. நீ மட்டும் ஏம்மா நம்பல?”

அவள் யோசிக்கவே இல்லை. “நான் என்ன படிக்கணும்னு நீங்க கேக்கவே இல்லையே சார்.”

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. இரண்டும் இரண்டும் நாலு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். காப்பிகளை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் கூடைக்கு ஒரு பக்கம் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, கிளம்பிவிட்டாள்.

அடுத்த ஜூனில் கரும்பலகையை மறுபடியும் தொங்கவிட்டேன், வேறு வாசகத்தோடு: ‘முதலில் என்ன படிக்க ஆசை என்று சொல்லவும். அதன் பிறகு மார்க் ஷீட்டைக் காட்டவும்.’ சிலர் சிரித்தார்கள். சிலர், குறிப்பாகச் சில பிள்ளைகள், அதைப் படித்துவிட்டு அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர்களை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. “கிடைக்காது” என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் பயன்படுத்தவே இல்லை. உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கேவலமான நிம்மதியும் எப்போது போயிற்று என்று தெரியாமலே போய்விட்டது.

நுழைவுத் தேர்வெல்லாம் போய், கட் ஆஃப் போடும் முறையும் எத்தனையோ தடவை மாறிவிட்டது. ஆனாலும் தெரிந்தவர்கள், சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது பிள்ளையின் மார்க்கைக் கொண்டுவந்து நீட்டினால், எண்களின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டுதான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறேன்; எதற்கு எவ்வளவு எடை என்பதை, முதலில் அந்த முகம் சொல்லட்டும் என்று.